அலறலுக்கு ஒரு முகவரி: க்ரங்க்கோர் இசையை முன்வைத்து

01

2008, 2009ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் ஓர் இசை வகை, கேட்டவர்களை விடக் கண்டித்தவர்களாலேயே அதிகம் பேசப்பட்டது. க்ரங்க்கோர் என்பது அதன் பெயர். ஸ்க்ரங்க் என்றும் சொன்னார்கள். ஸ்க்ரீமோ எனப்படும் அலறல் இசை, இலத்திரனியல் ஒலிகள், ஹிப்-ஹொப்பின் தென்மாநிலக் கிளையான க்ரங்க் ஆகிய மூன்றையும் ஒரே பாட்டுக்குள் போட்டுக் கலக்கிய இசை அது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரில் 2006இல் உருவான ‘ப்ரோக்கன்சைட்’ என்ற குழு இதன் முகமாக ஆனது. அக்குழுவின் ‘ஃப்ரீக்ஸ்’ என்ற பாடலின் காணொளியைப் பார்த்த பிரித்தானியக் கதாசிரியர் வாரன் எல்லிஸ், இக்காலப் பண்பாட்டில் கெட்டுப்போயிருக்கும் அனைத்தையும் ஒருசேரக் காட்டும் படம் இது என்ற பொருள்பட எழுதினார். லண்டனின் என்.எம்.ஈ. சஞ்சிகையோ, எத்தகைய குற்றம் புரிந்தவருக்கும் இந்த இறுவட்டைக் கேட்கச் செய்வது மிதமிஞ்சிய தண்டனை என்ற தொனியில் ஏளனம் செய்தது.

2009இல் வெளிவந்த தமது முதலாவது முழுநீள இறுவட்டுக்கு ப்ரோக்கன்சைட் குழுவினர் இட்ட தலைப்பு விசித்திரமானது. ‘நான் ரசிகனல்ல, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். பிள்ளையின் அறையிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, வாசற்படியில் நின்று தலையை ஆட்டிக்கொள்ளும் ஒரு பெரியவரின் வாக்கியம் இது. தம்மை யார் வெறுப்பார்கள், யார் விரும்புவார்கள் என்பதை இந்த இளைஞர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அந்த வெறுப்பையே அட்டையில் அச்சடித்து விற்கவும் தெரிந்திருந்தது. பெரியவருக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வெளியில்தான் விமர்சகன் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஆனால் அக்காலத்து விமர்சகர்களில் அநேகர் வாசற்படியைத் தாண்டவேயில்லை.

கவிதைக்கும் கதைக்குமான ஒரு சஞ்சிகையில் இந்தச் சத்தத்துக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கக்கூடும். ‘இதெல்லாம் இசையா?’ என்ற கேள்வியின் தமிழ் வடிவங்களை நாம் நன்கறிவோம். 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டில் பேச்சுத்தமிழைக் கதைக்குள் கொண்டுவந்தவர்களைப் பார்த்து ‘இழிசனர் வழக்கு’ என்றார்கள் பண்டிதர்கள். புதுக்கவிதையைப் பார்த்து ‘இது கவிதையா?’ என்றார்கள். கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் முனாஜாத்தும் படைப்போரும் அறபு, பாரசீக மரபுகளோடு தமிழ் கலந்து பிறந்த வடிவங்கள். அவற்றைத் தமிழிலக்கிய வரலாற்றுக்குள் உரிய இடத்தில் வைப்பதற்கு நம் முன்னோர் பட்ட பாடு சிறிதல்ல. ஆகவே கலப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை இழிவென்று தள்ளும் உரிமை நமக்குக் கிடையாது. அதேவேளை, கலப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டிய கட்டாயமும் இல்லை. பின்நவீனத்துவம் இங்கு பேசப்படத் தொடங்கிய பின்னர் நம் எழுத்தாளர் சிலர் இந்த இரண்டாவது பக்கம் சாய்ந்து நிற்பதை அவதானிக்க முடிகிறது. கலந்தது என்பது ஒரு தகவல். தரம் பற்றிய தீர்ப்பு அதற்குப் பின்னர்தான் வரவேண்டும்.

02

இசை குறித்து எழுதும்போது ஆகுமா, ஆகாதா என்ற விவாதம் முன்னால் வந்து நிற்கும். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் பணி. அதற்குள் இக்கட்டுரை நுழையவில்லை. எனினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யாஉ உலூமித்தீன்’ எனும் பெருநூலில், செவியுறுதல் பற்றிய பாகத்தில் கையாண்ட முறை இலக்கிய விமர்சகருக்கும் பயன்படக்கூடியது. 1111இல் மறைந்த அந்தப் பேரறிஞர் ஓசையை ஒரே கட்டாகக் கட்டி வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்கச் செய்பவர் யார், கருவி எது, பாடப்படும் சொல் என்ன, கேட்பவரின் உள்ளம் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்துப் பிரித்து விசாரிக்கிறார். குற்றம் எந்த வாசலால் உள்ளே வருகிறது என்பதுதான் அவர் தேடுவது. ஓசை இன்பமாயிருப்பதே குற்றமென்றால் பறவைகளின் குரலும் குற்றமாகிவிடும் என்பது அவரது வாதம். சில கருவிகள் விலக்கப்பட்டமைக்கு அவற்றின் ஓசையைக் காட்டிலும், அவை மதுவருந்துவோர் சபையின் அடையாளமாக இருந்தமையையே அவர் காரணமாகக் காட்டுகிறார்.

மேற்கின் இசை விமர்சகர்கள் க்ரங்க்கோர் விடயத்தில் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. கருவி, குரல், சொல், கேட்பவர் அனைத்தையும் ஒரே குப்பைத்தொட்டியில் போட்டு மூடினார்கள். நாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

03

முதலில் கருவி. க்ரங்க் 1990களில் மெம்ஃபிஸ், அட்லாண்டா ஆகிய தென்னகரங்களின் கறுப்பின இளைஞர்களிடையே வளர்ந்தது. நடனக் கூடத்தில் ஒருவர் ஒரு சொல்லைக் கத்துவார். கூட்டம் அதைத் திருப்பிக் கத்தும். நுணுக்கமான சொல்லடுக்கு அதற்குத் தேவைப்படவில்லை. உடம்பை அசைக்கும் கனத்த தாளமும் கூட்டுக்குரலும் போதுமாயிருந்தன. லில் ஜோன் என்பவர் இதை நாடெங்கும் கொண்டு சென்றார். அவரது குழுவின் ‘கெட் லோ’ 2003இல் பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம்வரை வந்தது. அவர் தயாரித்து அஷர் பாடிய ‘யா!’ 2004இல் பன்னிரண்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இந்தத் தாளத்தின் அடியில் இருப்பது ரோலண்ட் ரீ.ஆர்-808 எனும் ஜப்பானியத் தாள இயந்திரத்தின் ஒலி. 1980இல் விற்பனைக்கு வந்து 1983இல் நிறுத்தப்பட்ட இயந்திரம் அது. ஏறத்தாழ 12,000 மாத்திரமே செய்யப்பட்டன. உண்மையான மேளத்தைப் போல ஒலிக்கவில்லை என்பதே அதன்மீது சொல்லப்பட்ட குறை. பின்னர் பழைய சாமான் கடைகளில் மலிவு விலைக்கு அது கிடைத்தபோது ஏழை இளைஞர்களின் கைக்குப் போனது. குறை எனப்பட்ட அந்தச் செயற்கையான ஆழ்ந்த அதிர்வே ஹிப்-ஹொப்பின் இதயத்துடிப்பாக மாறியது. 1982இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் ‘ப்ளனெட் ரொக்’ பாடல் இந்த இயந்திரத்தையும் ஜேர்மனியின் கிராஃப்ட்வேர்க் குழுவின் மெட்டையும் நியூயோர்க்கின் ப்ரொங்ஸ் தெருவில் ஒன்றாக்கியது. ஆகவே ஹிப்-ஹொப்பையும் இலத்திரனியல் இசையையும் கலந்து கெடுத்துவிட்டார்கள் என்று க்ரங்க்கோர்காரர்களைக் குற்றஞ்சாட்டியவர்களுக்கு வரலாறு தெரியாது. அந்தக் கலப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பலர் பிறப்பதற்கு முன்னரே நடந்து முடிந்துவிட்டது.

இரண்டாவது கருவி ஓட்டோ-டியூன். பாடகரின் சுருதிப் பிசகைத் தானாகத் திருத்தும் இந்த மென்பொருள் 1997இல் வந்தது. இதை உருவாக்கிய அண்டி ஹில்டிப்ராண்ட், நிலத்தடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை அதிர்வலைகளைக் கொண்டு கண்டறியும் துறையில் வேலை செய்தவர். பூமியின் வயிற்றைத் தட்டிப் பார்க்க உதவிய கணிதம் மனிதத் தொண்டையைத் திருத்தப் போனது. 1998இல் ஷேர் பாடிய ‘பிலீவ்’ பாடலில் அதை அளவுமீறிப் பயன்படுத்தியபோது, குரல் உலோகம் போல் மாறும் விந்தையை உலகம் கேட்டது.

க்ரங்க்கோர் பாடலொன்றின் அமைப்பைக் கவனித்தால் ஒரு விடயம் புலப்படும். பல்லவிப் பகுதி ஓட்டோ-டியூனால் இழைத்து மழுங்கடிக்கப்பட்ட குரலில் வரும். அதையடுத்து, தொண்டை கிழியும் அலறல். ஒரு குரல் மனித அடையாளம் நீங்கும்வரை திருத்தப்படுகிறது. மற்றக் குரல் சொல் நீங்கும்வரை கிழிக்கப்படுகிறது. பிழையே இல்லாத குரலும் பிழையைத் தவிர வேறொன்றுமில்லாத குரலும் ஒரே மூன்று நிமிடத்துக்குள் அருகருகே நிற்கின்றன. இடையில் நிற்க வேண்டிய சாதாரண மனிதக் குரலைத்தான் காணவில்லை. இணையத்தில் தன் முகத்தை ஒப்பனை செய்து வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு கத்தும் ஒரு தலைமுறையின் குரல் இப்படித்தான் இரண்டாகப் பிளந்திருக்கும். இந்த வகை கண்டுபிடித்த ஒரேயொரு அசலான விடயம் இது என்பேன். ஏளனம் செய்தவர்கள் இதைக் கேட்கத் தவறிவிட்டார்கள்.

கருவியில் குற்றம் இல்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அட்லாண்டாவைச் சேர்ந்த ‘ஃபமிலி ஃபோர்ஸ் ஃபைவ்’ என்ற குழு இதே க்ரங்க் தாளத்தையும் ரொக் கிற்றாரையும் கூச்சலையும் எடுத்துக்கொண்டு 2006இல் தனது முதல் இறுவட்டை வெளியிட்டது. அவர்கள் கிறிஸ்தவ இசைக் குழுவினர். மூன்று சகோதரர்கள் உட்பட்ட அந்தக் குழு, தேவாலயச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளை அதே தாளத்துக்கு ஆட வைத்தது. பாத்திரம் ஒன்று, அதில் ஊற்றப்பட்டது வேறு.

04

அடுத்தது அலறல். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களின் தொடக்கத்தில் வோஷிங்டன் நகரில் ஹார்ட்கோர் பங்க் எனப்படும் வேகமான, கோபமான இசை எழுந்தது. அந்தச் சூழலில் ‘மைனர் திரெட்’ குழுவின் இயன் மக்காய் 1981இல் எழுதிய ஒரு சிறு பாடலிலிருந்து ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ என்ற போக்கு பிறந்தது. மது வேண்டாம், புகை வேண்டாம், போதை வேண்டாம் என்று கையில் எக்ஸ் குறி வரைந்துகொண்ட பங்க் இளைஞர்கள் அவர்கள். நம் வாசகர்களுக்கு இது வியப்பளிக்கலாம். 1985இல் அதே நகரில் ‘ரைட்ஸ் ஒஃப் ஸ்ப்ரிங்’ போன்ற குழுக்கள் அந்தக் கோபத்தை வெளியுலகிலிருந்து தமக்குள் திருப்பின. அரசையும் பொலிஸையும் நோக்கிக் கத்தியவர்கள் தம் சொந்தத் தோல்வியையும் குற்றவுணர்வையும் நோக்கிக் கத்தத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ‘ஹெரொயின்’ முதலான குழுக்கள் அதை மேலும் உடைத்து, சொல் புரியாத அளவுக்கு அலறலாக்கின. ஸ்க்ரீமோ அங்கிருந்து வருகிறது. வீட்டு நிலவறைகளிலும் சிறு மண்டபங்களிலும் சில டசின் பேர் முன்னால் பாடப்பட்ட இசை அது. பாடுபவர் சில வேளை கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று அலறுவார்.

இமாம் கஸ்ஸாலி துயரத்தின் ஓசையையும் இரண்டாகப் பிரிக்கிறார். கையைவிட்டுப் போனதற்காக, இறைவனின் நாட்டத்தோடு முரண்பட்டு எழுப்பும் ஒப்பாரி ஒன்று, அது பழிக்கத்தக்கது. தன் குறைகளை எண்ணித் தன்மீதே வருந்தி அழுவது மற்றொன்று, அது போற்றத்தக்கது. தாவூத் நபி (அலை) அவர்களின் அழுகையை அதற்கு எடுத்துக்காட்டுகிறார். ஸ்க்ரீமோவின் நல்ல பாடல்களில் இந்த இரண்டாவது வகைத் துயரத்தின் சாயலைக் காணலாம். ஈமானின் மொழி அங்கு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் தன்னைத் தானே விசாரணைக்கு நிறுத்தும் ஒரு மனிதனின் குரல் அங்கே இருக்கிறது. சொல் போதாமல் போகும் இடத்தில் அலறல் வருகிறது. ஆதலால் அந்த அலறலுக்கு ஒரு முகவரி உண்டு.

க்ரங்க்கோர் இந்த அலறலை எடுத்துக்கொண்டது, முகவரியை விட்டுவிட்டது. ப்ரோக்கன்சைட் பாடல்களில் அலறல் வரும் இடங்களைப் பாருங்கள். குடிக்க வா, ஆட வா, என் அறைக்கு வா என்று அழைக்கும் பாட்டின் நடுவில் அது வருகிறது. அங்கே காயம் எதுவும் இல்லை. சொல் தோற்றுப்போன இடமும் அதுவல்ல. மையத்து வீட்டின் குரலைக் கலியாண வீட்டுக்குக் கொண்டுவந்து, அங்கே தோரணமாகக் கட்டியதைப் போல இருக்கிறது. அலறல் ஓர் ஒப்பனைப் பொருளாக, தலைமயிருக்குப் பூசிய ஊதாச் சாயத்தைப் போல ஆகிவிட்டது. போதையை மறுத்த இளைஞர்கள் பலர் நடமாடிய சூழலில் உருவான ஒரு குரல், இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் போதையைக் கொண்டாடும் பாட்டின் அலங்காரமாக முடிந்தது. என்னைப் பொறுத்தவரை க்ரங்க்கோரின் முதலாவது உண்மையான குற்றம் இதுதான். அழகியற் குற்றம் என்று இதைச் சொல்லலாம். கலந்ததில் தவறில்லை. கலக்கும்போது எதைக் கீழே கொட்டினார்கள் என்பதிலேயே தவறு இருக்கிறது.

05

மூன்றாவது சொல். இங்கே சமாதானம் சொல்ல இடமில்லை. இந்த வகையின் பெயர்பெற்ற பாடல்களில் பெண் ஒரு மனுஷியாக வருவது அரிது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரைச் சேர்ந்த ‘த்ரீ ஓ த்ரீ’ என்ற இருவர் குழுவின் ‘டோன்ட் ட்ரஸ்ட் மீ’ 2009இல் பில்போர்ட் பட்டியலின் முதல் பத்துக்குள் ஏறியது. வானொலிகளில் ஓயாமல் ஒலித்த அந்தப் பாட்டில், பெண்ணொருத்தியின் வாயை மூடச் சொல்லி, பேச்சை இடுப்பால் பேசச் சொல்லும் பகடி ஒன்று வருகிறது. அந்தப் பகடிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர் ஹெலன் கெல்லர். பார்வையும் செவிப்புலனும் இழந்த நிலையிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கைவிரல் வழியே கற்று, நூல்கள் எழுதிய பெண்மணி அவர். வகுப்பறையில் அவரது கதையைச் சொல்லிக் கொடுக்கும் எவருக்கும் அந்த இடம் நெஞ்சில் குத்தும். மொழியைப் பெறுவதற்காக ஒரு பெண் நடத்திய போராட்டத்தை, இன்னொரு பெண்ணின் மொழியைப் பறிக்கும் நகைச்சுவையாக்கியிருக்கிறார்கள். அது நன்றாக விற்றது என்பது இன்னும் வேதனை.

கலிபோர்னியாவின் ‘மில்லியனயர்ஸ்’ குழு பெண்களால் ஆனது. 2007இல் தொடங்கிய அவர்கள் ஆண்கள் பாடிய அதே குடியையும் அதே கும்மாளத்தையும் தம் வாயால் பாடினார்கள். பெண்ணின் குரல் உள்ளே வந்துவிட்டது, ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று சிலர் வாதிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசகம் மாறாமல் வாய் மட்டும் மாறுவது விடுதலையாகாது. எனினும் ஆண்களைக் கேட்டுச் சிரித்த அதே விமர்சகர்கள் இந்தப் பெண்களைக் கேட்டபோது மட்டும் ஒழுக்கம் பேசினார்கள் என்றால், அந்த ஒழுக்கத்தையும் நாம் சந்தேகிக்க வேண்டும்.

பகடிதானே, விளையாட்டுத்தானே என்ற வாதத்தின் மறுபக்கமும் பின்னர் வெளிவந்தது. இவ்வகைக்குள் வைத்துப் பேசப்பட்ட வேறொரு குழுவின் பாடகர்மீது, சிறு வயதில் அவரது இரசிகைகளாக இருந்தோர் உட்படப் பல பெண்கள் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளை முன்வைத்தனர். 2019இல் அமெரிக்க ஊடகங்கள் அவற்றை விரிவாக வெளியிட்டன. அவர் அவற்றை மறுத்திருக்கிறார். வழக்கின் முடிவை நாம் எழுத முடியாது. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்திவிட்டு அவர்களுக்கு எந்தச் சொற்களை ஊட்டினார்கள் என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். ஓசையின் கொடூரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பகடி எழுதிய விமர்சகர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டது குறைவு. காதுக்கு வந்த துன்பம் பெரிதாகத் தெரிந்தது. மேடைக்குக் கீழே நின்ற சிறுமி தெரியவில்லை.

சொல்லோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். க்ரங்க் கறுப்பின மக்களின் நகரங்களிலிருந்து வந்தது. க்ரங்க்கோரைப் பாடியவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் புறநகரங்களின் வெள்ளையினப் பிள்ளைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் போல ஆடிப்பாடிய மேடைக் கூத்துகள் பெரும் வருமானம் ஈட்டின. க்ரங்க்கோரை அதே வரிசையில் வைப்பது அதிகபட்சம்தான். ஆயினும் ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்விலிருந்து கூச்சலையும் கும்மாளத்தையும் பொறுக்கிக்கொண்டு, அந்த மக்களின் வரலாற்றைத் தொடாமல் விட்டுவிடும் பழக்கம் புதியதல்ல. பம்பாட்டா ஜேர்மனியரின் மெட்டை எடுத்தார் என்று முன்னர் சொன்னேன். இரவல் வாங்குவது எல்லாத் திசையிலும் நடக்கும். ஆனால் இல்லாதவர் இருப்பவரிடம் வாங்குவதும், இருப்பவர் இல்லாதவரிடம் வாங்குவதும் ஒரே தராசில் நிற்கமாட்டா.

06

நான்காவது, கேட்பவர். இந்த இசை வானொலிக்காகப் பிறந்ததல்ல. 2003இல் தொடங்கிய மைஸ்பேஸ் எனும் இணையத்தளமே இதன் தொட்டில். எந்தக் கம்பனியின் அனுமதியும் இல்லாமல் ஒரு சிறுவன் தன் அறையிலிருந்தே பாட்டை ஏற்றலாம். தூரத்து ஊர்ச் சிறுமி அதைத் தன் பக்கத்தில் ஒலிக்கவிடலாம். 2004இல் அப்பிள் நிறுவனம் ‘கராஜ்பேண்ட்’ என்ற இசை மென்பொருளைத் தன் கணினிகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. ஒலிப்பதிவுக் கூடம் படுக்கையறைக்குள் வந்துவிட்டது. கிற்றார் வாசிப்பவர் இல்லையென்றால் கணினி. மேளகாரர் இல்லையென்றால் கணினி. சிறு நகரங்களில் குழு சேர்க்க நண்பர்கள் கிடைக்காத பிள்ளைகளுக்கு இது பெரிய திறப்பு. அல்புகேர்க்கியும் போல்டரும் அதுவரை பொப் இசையின் தலைநகரங்களாக இருந்தவையல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர் கலாசாலைகளில் கட்டிளமைப் பருவம் பற்றிய பாடத்தில் ஸ்டான்லி ஹோலின் பெயர் தவறாமல் வரும். அப்பருவத்தைக் கொந்தளிப்பினதும் நெருக்கீட்டினதும் காலம் என்று 1904இல் எழுதியவர் அவர். அவரது கருத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் பல விதத்தில் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் வகுப்பறையில் நிற்பவருக்கு அதன் சாரம் கண்ணுக்கு முன்னால் தெரியும். அவ்வயதில் பிள்ளைக்கு உணர்ச்சி முதலில் வருகிறது. அதற்கான சொல் மிகப் பிந்தி வருகிறது. இடைப்பட்ட காலத்தில் கதவை அடிப்பதும் கத்துவதும் மௌனமாவதும்தான் அதன் மொழி. அத்தகைய பிள்ளை ஒரு பாட்டில் அலறலைக் கேட்டால், அந்த அலறலுக்குப் பாடியவர் வைத்த பொருளைத் தேடிக்கொண்டிருக்காது. தன் பொருளை அதற்குள் வைத்துவிடும்.

இதனால்தான் மேலே சொன்ன அழகியற் குற்றம் முழுத் தீர்ப்பாக முடியாது. பாடியவர் முகவரியில்லாத அலறலை அனுப்பினார். கேட்ட பிள்ளை தன் வீட்டு முகவரியை அதன்மேல் எழுதிக்கொண்டது. பெற்றோர் பிரிந்த வீடு, பள்ளியில் ஒதுக்கப்பட்ட நாட்கள், யாரிடமும் சொல்ல முடியாத தனிமை எல்லாம் அந்த மலிவான சத்தத்துக்குள் குடியேறின. ப்ரோக்கன்சைட் என்ற பெயரைச் சத்தமாகச் சொன்னால் ‘உள்ளே உடைந்தவன்’ என்ற ஆங்கிலச் சொற்றொடர் காதில் விழும். பாட்டில் இல்லாத உடைவு பெயரில் இருந்தது. அதைவிட அதிகமாகக் கேட்டவரிடம் இருந்தது. செவியுறுபவரின் உள்ளத்தைப் பார் என்று இமாம் கஸ்ஸாலி சொன்னதன் கனம் இங்கே விளங்குகிறது. அதே சமயம் அந்த வார்த்தை இரு பக்கமும் வெட்டும். துயரத்தை உள்ளே வைத்துக் கேட்ட பிள்ளை, பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லையும் சேர்த்தே விழுங்கியது. திறந்த வாயில் எதை ஊட்டினாலும் இறங்கும்.

07

பிறகு என்ன நடந்தது? மோஸ்தர் இரண்டு மூன்று ஆண்டுகளில் வடிந்தது. டென்வரின் ‘ப்ரீத் கரொலைனா’ போன்ற குழுக்கள் அலறலைக் கைவிட்டு நடன இசைக்குப் போயின. 2005இல் 580 மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்ட மைஸ்பேஸ் 2011இல் சுமார் 35 மில்லியனுக்கு விற்கப்பட்டது. 2019இல், தளத்தை இடம்மாற்றும்போது 2015 வரை ஏற்றப்பட்டிருந்த பாடல்கள் அழிந்துவிட்டதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 14 மில்லியன் கலைஞர்களின் 50 மில்லியன் பாடல்கள் என்று செய்திகள் கூறின. ஆர்வலர்கள் மீட்டெடுத்தவை சுமார் 490,000 மாத்திரமே. படுக்கையறைகளில் கத்திய பெயரறியாப் பிள்ளைகளின் குரல்கள் அப்படியே மண்ணாகின. ஓலைச்சுவடிகளைக் கறையானுக்குக் கொடுத்த ஒரு சமூகத்தினர் என்ற வகையில் நமக்கு இந்த இழப்பு புரியக்கூடியது. கறையானுக்கு நூறாண்டு தேவைப்பட்டது. இவர்களுக்குப் பத்தாண்டு கூடத் தேவைப்படவில்லை. எஞ்சியிருப்பவை கம்பனிகள் வெளியிட்ட சில இறுவட்டுகளே. ஆகவே இன்று நாம் க்ரங்க்கோர் என்று தீர்ப்பிடுவது, அதன் மிகச் சத்தமான, மிக விற்பனையான பகுதியை மட்டுமே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அலறலும் தாளமும் மீண்டும் சந்தித்தன. லில் பீப் என்ற இளைஞர் எமோ குழுக்களின் கிற்றார் ஒலிகளைத் துண்டெடுத்து அவற்றின்மீது ரப் பாடினார். அங்கே துயரம் அலங்காரமாக இருக்கவில்லை. 2017 நவம்பரில், 21 வயதில், போதை மருந்து மிகையால் அவர் இறந்துபோனார். க்ரங்க்கோர் கைவிட்ட முகவரியை அவர் திரும்ப எழுதினார். ஆனால் அந்த வீட்டில் அவரைக் காப்பாற்ற எவரும் இருக்கவில்லை. இன்னொரு பக்கம், ‘ஹன்ட்ரட் கெக்ஸ்’ என்ற இருவர் குழு 2019இல் வெளியிட்ட இறுவட்டில் க்ரங்க்கோரின் இழைத்த குரலும் இரைச்சலும் தெரிந்தே கையாளப்பட்டன. பெரிய பத்திரிகைகள் புகழ்ந்தன. 2020இல் ‘த்ரீ ஓ த்ரீ’ குழு அவர்களோடு சேர்ந்து ஒரு பாடலை வெளியிட்டது. பத்தாண்டுக்கு முன்னர் குப்பை எனப்பட்டது இப்போது பரிசோதனை எனப்பட்டது.

இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பார்த்து, அன்றைய விமர்சகர்கள் எல்லாம் பிழை, இளைஞர்களே சரி என்று முடிவுகட்டுவது இலகு. அது வாசற்படிப் பெரியவரின் தலையாட்டலுக்குச் சமமான இன்னொரு சோம்பல். அன்று கருவியைக் கண்டித்தார்கள், கருவி குற்றமற்றது. இன்று கருவியைக் கொண்டாடுகிறார்கள். சொல்லின் குற்றம் அப்படியே கிடக்கிறது. க்ரங்க்கோர் பற்றிய என் தீர்ப்பு இது: திருத்திய குரலையும் கிழிந்த குரலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது அதன் சாதனை. துயரத்தின் குரலைத் துயரமின்றிப் பயன்படுத்தியது அதன் வறுமை. பெண்ணைப் பற்றி அது சொன்னது மன்னிக்க முடியாதது. அதைக் கேட்ட பிள்ளைகளோ இந்த மூன்றில் எதற்கும் பொறுப்பாளிகளல்லர்.

நம் பிள்ளைகளின் காதுகளிலும் இன்று கம்பிகள் தொங்குகின்றன. உள்ளே என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. கழற்றி எறி என்று சொல்வது ஒரு வழி. பிடித்திருந்தால் கேட்டுவிட்டுப் போ என்று விடுவது இன்னொரு வழி. ஒரு காதின் கம்பியை வாங்கி நாமும் வைத்துக் கேட்டு, எந்தச் சொல் நஞ்சு, எந்தச் சத்தம் உன்னுடைய அழுகை என்று பிள்ளையோடு இருந்து பிரித்துப் பார்ப்பது மூன்றாவது வழி. நேரம் பிடிக்கும் வேலைதான். விமர்சனம் என்ற சொல்லுக்கு நான் அறிந்த பொருளும் அதுவே.